குளக்கட்டில் என்ஜினை நிறுத்தாதே

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ விட்டுப் போன சிவப்புப் பசு சுகம், அதன் கன்று எங்கள் எல்லோரையும் விடச் சுகம். கிணற்று இறைப்பு மெசின் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. அதை நான் பார்த்துக்கொள்வேன். கடிதம் எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பள்ளிக்கூடத்தில் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுது என்று சோதனைத்தாளில் வரும். நான் நண்பனின் வீட்டார் ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் ஒன்றைத் தொடங்கினால், நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே யாருடைய மாட்டுக்கோ ஊசி போட்டுக்கொண்டு நிற்பாய். அதனால் எழுதுகிறேன். இதை உன் மனுசனும் வாசிக்கலாம். அவருடைய அம்மா, உன் மாமி, கேட்டால் அவருக்கும் வாசித்துக் காட்டு. அவரைப் பற்றி நான் எழுதப்போவதில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

நீ அம்மாவோடு கதைத்ததை நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. அம்மா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள், அயலுக்கும் கொஞ்சம் கேட்கட்டும் என்று. மாமி உன்னை வேவு பார்க்கிறார் என்றாய். நீ வீட்டில் வந்து இறங்கியதும், சந்திக் கடையில் ஏன் நின்றாய், இன்றைக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்கிறாராம். யார் போய் அவருக்குச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லையாம். அதனால் இப்போது குளக்கட்டு இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல் உருண்டு வந்து வளவுக்குள் இறங்குகிறாயாம். வவுனியா டவுனில் வாடகைக்கு வீடு பார்க்கவும் தொடங்கிவிட்டீர்களாம். வீடு பாருங்கள், அதை மறிக்க நான் யார். நானும் அம்மாவும் கலியாணம் முடித்த கையோடு தனியாகப் போனவர்கள்தான். உன் அப்பப்பா அதற்காக ஒரு மாரி காலம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை, எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆனால் இறக்கத்தில் என்ஜினை நிறுத்துகிறாய் என்றாயே, அதைக் கேட்டதும்தான் காகிதமும் பேனையும் தேடினேன். உன் மாமி யாரையும் வேவுக்கு வைக்கவில்லை. அது என்ன என்று சொல்வதற்கு, கலியாணத்துக்கு முன் உன் மோட்டார் சைக்கிள் செத்துப் பிழைத்த கதையை நான் முழுதாகச் சொல்ல வேண்டும். உனக்கு அதில் பாதிதான் தெரியும்.

அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வளவுக்குள் வந்த நாளில் இருந்தே எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. கால்நடைப் போதனாசிரியர் என்று உன் உத்தியோகத்தைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது, மாட்டு டொக்டர் என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வவுனியாவுக்கு இடமாற்றம் எடுக்கும் முன், தண்ணீரூற்றில் இருந்து நாயாறு வரைக்கும் பட்டி பட்டியாக மாடு பார்க்கப் போகிறவளுக்கு மோட்டார் சைக்கிள் இல்லாமல் சரிவராது. நீயோ என் உயரம், அதாவது உயரமே இல்லை. கந்தோரில் மற்ற உத்தியோகத்தர்கள் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் ஏறினால் உன் பெருவிரல் நுனிதான் நிலத்தைத் தொடும். பின்னால் மருந்துப் பெட்டியையும் கட்டினால் நாயாற்று மணலில் சரிந்து விழுவாய். வெளிநாடு போன ஒருவருடைய பழைய யப்பான் வண்டி ஒன்று முள்ளியவளையில் கொட்டிலுக்குள் கிடந்தது. நானூறு சிசி. இரண்டு சிலிண்டரும் கவட்டைத் தடி போல விரிந்து நின்றன. சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. நீ கோழியை இறக்கிவிட்டு ஏறி இருந்தாய். சீற் அவ்வளவு தாழ்வு, இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதிந்தன. "அப்பா, எனக்கு அளவான வண்டி இதுதான்" என்றாய். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்கு வைக்கோல் போட வேண்டுமோ என்று கேட்டாள்.

பிறகு மருமகன் வந்தார். பூவரசங்குளத்துக் கணக்கு வாத்தியார், பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வருகிறவர், கதை குறைவு. அவர்களுடைய பெரியவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள்; உன் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே வயல்காணி எடுத்தவர். இதைச் சொல்லி எங்கள் சொந்தத்தில் இரண்டொருவர் முகத்தைச் சுளித்தார்கள். நான் அதைக் கணக்கெடுக்கவில்லை. நல்ல மழை பெய்தாலும் சுளிக்கிற முகங்கள் அவை. பெண் பார்க்க வந்த அன்று அம்மா சீதனக் கதையை மெல்ல எடுத்தாள். உன் மாமி கையைக் காட்டி நிறுத்தினார். "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. புள்ள வந்தா போதும். அந்த வண்டி மட்டும் எங்க வாசலுக்கு வரக்கூடாது. நான் கேக்குறது அது ஒண்ணுதான்" என்றார். அவருடைய மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் வந்த வாடகை வான் வெளிக்கிட்ட பிறகு நீ குசினிக் கதவில் சாய்ந்து நின்றாய். "அவா கேட்டது பிழையில்லை அப்பா. ஆனா நான் அதுக்கு ஓம் சொல்லமாட்டன்" என்றாய். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், விசயம் முடிந்திருக்கும். நீ மெதுவாகச் சொன்னாய்.

அதற்குப் பிறகு யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, நாளும் குறிக்கவில்லை. மருமகன் வந்து தேத்தண்ணீர் குடித்து, மழையைப் பற்றி என்னோடு கதைத்துவிட்டுப் போனார். எங்கள் இரண்டு பேருக்கும் மழையைப் பற்றிச் சொல்ல இருந்தது அவ்வளவும் முடிந்த பிறகும் வந்தார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் நீ நாயாற்றில் இருந்து வந்து, என்ஜினை நிறுத்தாமல் என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, பின் சிலிண்டர் பக்கம் ஒரு கிலுகிலுப்பு. வேகம் கூட்டினா இல்லாமப் போகுது, விட்டா திரும்ப வருது" என்றாய். அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே முழு வியாதியும் இருந்தது. அதை மட்டும் நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால், இந்தக் கடிதம் சுகம் விசாரிப்போடு முடிந்திருக்கும்.

என் காது எங்கே பழகிய காது என்று உனக்குத் தெரியும். சண்டை நடந்து பெற்றோல் வராத காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் என்ஜின் ஓட்டியவர்கள். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். என்ஜின் இடித்து இடித்துத்தான் ஓடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து, கடைசியில் பிஸ்டன் தண்டைப் பிடிக்கிற கொன்றோட் பெயரிங்கைத் தின்றுவிடும். அந்தக் காலத்தில் எந்த என்ஜினில் எந்தச் சத்தம் கேட்டாலும் கொன்றோட் போட்டுது, அதாவது பழுதாய்ப் போய்விட்டது, என்று நான் சொன்னால், பத்துக்கு ஒன்பது சரியாக வரும். அதில் எனக்கு ஒரு பெயரும் வந்தது. பெயர் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. இறைப்பு மெசினும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் ஒற்றைச் சிலிண்டர், டக் டக் டக் என்று சுவர்க்கடிகாரம் போல அடிக்கும். உன்னுடையதோ இரண்டு அடி சேர்த்து அடித்து, கொஞ்சம் யோசித்து, பிறகு இன்னும் இரண்டு அடிக்கும். அந்த வகை என்ஜினின் சுபாவமே அதுதான் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அது ஆரம்பத்தில் இருந்தே நொண்டுகிற மாடு மாதிரித்தான் கேட்டது. அப்படிப்பட்ட காதோடுதான் நான் வைத்தியம் பார்க்கக் குனிந்தேன்.

முதலில் டெப்பெட்டில் கை வைத்தேன். வால்வுக்கு மேலே இருக்கிற அந்த இடைவெளியைச் சரியாக வைத்தால் பாதிச் சத்தம் போய்விடும் என்று நினைத்தேன். பக்கத்து மூடியில் உள்ள சின்ன ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு என்ஜினைக் கையால் சுற்றினேன். வால்வு மூடி நிற்கும் இடத்தைக் காட்டுகிற ஒரு கோடு வந்து நின்றது. ஒற்றைச் சிலிண்டர்க்காரனுக்கு ஒரு கோடுதான் தெரியும். முன் சிலிண்டருக்கு இடைவெளி வைத்தேன், கோட்டை அசைக்காமல் பின் சிலிண்டருக்கும் வைத்தேன், மூடியைப் போட்டுப் பூட்டினேன். பின் சிலிண்டரின் வால்வு அந்த நேரம் பாதி திறந்தபடி நின்றிருக்கிறது. அப்படி நிற்கும்போது வைத்த இடைவெளி, மூடும்போது வாசல் அளவுக்குப் பெருத்துவிடும். ஸ்டார்ட் பண்ணினால், தகர டின்னுக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். உன் முகம் கறுத்துப் போனது. நான் நீளமான ஸ்க்ரூ டிரைவரை என்ஜினில் முட்டுக்கொடுத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணையும் மூடினேன். கண்ணை மூடியது எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை; பார்க்கிறவர்களுக்காக இருக்க வேண்டும். "கொன்றோட் பெயரிங் போட்டுது பிள்ளை. என்ஜின் முடிஞ்சுது" என்றேன்.

நீ அழவில்லை. உள்ளே போய்ப் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றை எடுத்துவந்து வண்டியை மூடினாய், காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தாய். அடுத்த நாள் கந்தோர் வேலைக்குப் பஸ்ஸில் போனாய். பட்டி பார்க்கப் போவதற்கு யாருடைய வண்டியின் பின்னாலோ ஏறிக்கொண்டாய். அம்மா பூவரசங்குளத்துக்குப் போன் எடுத்து, வண்டி இனி ஓடாதாம் என்று சொன்னாள். உன் மாமி, புள்ளைக்கு மனசு கஷ்டமா இருக்குமே என்றாராம். அதை அம்மா என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். நாள் குறித்தார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, என்ஜின் தானாகச் செத்தது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிம்மதி வருவதை நான் அப்போதுதான் கண்டேன். மருமகன் ஒருவர்தான் தனியாக வந்து, "உண்மையாவே முடிஞ்சிருச்சா மாமா?" என்று கேட்டார். நான் எத்தனை என்ஜின் கண்டவன் என்று அவருக்கு ஒரு பிரசங்கம் வைத்து அனுப்பினேன்.

கலியாணத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்று மாட்டுக்கொட்டிலைத் திருத்த, கூரை தாங்கப் புது மரக் கப்புகள் நட்டேன் அல்லவா. கப்பு நட்டால் கறையான் ஏறாமல் அடியில் பழைய ஒயில் பூச வேண்டும். என்னிடம் இருந்தது போதவில்லை. செத்த வண்டிக்கு ஒயில் எதற்கு என்று விரிப்பை விலக்கி, உன் வண்டியின் ஒயிலைத் தாச்சிக்குள் வடித்தேன். கப்பில் பூசும்போது பழக்கதோசத்தில் இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கொன்றோட் பெயரிங் தின்னப்பட்ட என்ஜினின் ஒயிலில் உலோகத் தூள் இருக்கும். வெயிலில் பிடித்தால் சேலைக் கரை போல மினுங்கும். இது கறுப்பாக இருந்தது, மினுங்கவில்லை. தாச்சியை வெயிலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பார்த்தேன். மினுங்கவில்லை. தூரிகையை வைத்துவிட்டு வண்டியடிக்குப் போனேன்.

நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் திரும்பவும் அந்த ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு என்ஜினை மெல்லச் சுற்றினேன். கோடு வந்தது, அதன் பக்கத்தில் எஃப் என்ற எழுத்து. நிறுத்தாமல் சுற்றினேன். இன்னொரு கோடு வந்தது, அதன் பக்கத்தில் ஆர். முன்னுக்கு ஒரு கோடு, பின்னுக்கு ஒரு கோடு. நான் ஓ.எல். சோதனையில் இங்கிலீசில் கோட்டை விட்டவன்தான், ஆனாலும் இந்த இரண்டு எழுத்துக்கு அவ்வளவு படிப்பு தேவையில்லை. பின் சிலிண்டரை அதனுடைய கோட்டில் நிறுத்தி இடைவெளி வைத்து, புது ஒயில் விட்டு ஸ்டார்ட் பண்ணினேன். தகர டின் சத்தம் போய்விட்டது. நீ முதல்நாள் சொன்ன கிலுகிலுப்பு மட்டும் மிச்சம். பெற்றோல் குழாய்த் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையால் பின் சிலிண்டரைத் தடவிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் சத்தம் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. அந்தச் சிலிண்டருக்குள் ஓடுகிற டைமிங் செயினை இழுத்துப் பிடிக்க விரல் அளவில் ஒரு டென்ஷனர் இருக்கிறது. அது இறுகிப்போய் வேலை செய்யாமல் நின்றதால், செயின் தொய்ந்து சுவரில் அடித்திருக்கிறது. வேகம் கூட்டினால் செயின் தானாக இறுகும், சத்தம் மறையும். விட்டால் தொய்யும், சத்தம் வரும். கொன்றோட் என்றால் நேர்மாறு, பாரம் ஏற ஏறத்தான் இடிக்கும். வவுனியாவில் பழைய வண்டி உடைத்து விற்கிற ஒருவரிடம் போய் நல்லதொன்று வாங்கி வந்து பூட்டினேன். கிலுகிலுப்பு நின்றது. இரண்டு அடித்து, யோசித்து, இரண்டு அடித்து, அந்த என்ஜின் தன்பாட்டில் நொண்டியது.

அம்மா குசினிக்குள் இருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சாருங்கோ, செத்துப்போச்சு எண்டு சொன்னனீங்கள்தானே. இப்ப அதை எழுப்பி என்னத்துக்கு?" என்றாள். பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "நீங்கள் பிழை விடுறது இண்டைக்கோ நேற்றோ. இந்த ஒரு பிழையாலதான் ஒரு கலியாணம் நடக்கப் போகுது. அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள். அம்மாவைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் கலியாணம் நடக்கும், நீ கொஞ்ச நாளில் ஒரு ஸ்கூட்டர் வாங்குவாய், உன் மாமி நிம்மதியாகத் தூங்குவார். திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனால் நீ நாலு மூலைக்கும் கல் வைத்தது என் கண்ணுக்குள் நின்றது. தெரியாமல் சொன்னவரைக்கும் அது என் பிழை. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால், அது நான் உன் தலையில் கட்டிவிட்ட பொய். அந்தப் பொய்யோடு நீ அந்த வீட்டில் காலமெல்லாம் இருக்க வேண்டும். அந்த மனுசியும் பொய்யை நம்பித்தான் நாள் குறித்தவர். உன்னிடம் முதலில் சொன்னால், நீயும் அவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டி வரும். கெடுத்தவன் நான், ஆகவே போய்ச் சொல்ல வேண்டியவனும் நான்தான் என்று பட்டது. அடுத்த நாள் நீ பஸ் ஏறிய பிறகு, நான் உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்று போன பாதையை நான் வர்ணிக்கவில்லை. லாண்ட்மாஸ்டர் ஓட்டிப் பழகியவன் அந்த வண்டியில் ஏறினால் எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். வவுனியா தாண்டி மன்னார் வீதியில் திரும்பும்வரை நான் மூச்சு விட்டேனா என்பது சந்தேகம். பூவரசங்குளத்தில் அவர்களுடைய படலையடிக்குப் போனபோது உன் மாமி முற்றத்தில் கௌபிப் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார், பிறகு வண்டியைக் கண்டார். சுளகு கையில் இருந்தபடியே நின்றார். நான் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் சொன்னது பிழை, என்ஜின் சாகவில்லை, ஒரு விரல் அளவுச் சாமான்தான் பழுது, அதை மாற்றிவிட்டேன், பிள்ளைக்கு இன்னும் தெரியாது, நீங்கள் முதலில் அறிய வேண்டும் என்று வந்தேன் என்றேன். அவர் உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். "தொப்பிய கழட்டிட்டுக் குடிங்க சம்மந்தி" என்றார்.

நான் குடிக்கும்போது அவர் தன் மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். விபத்து என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். உன் மனுசனும் உனக்கு அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வாய் வராது. அந்தப் பிள்ளை ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததாம், புதியது, சத்தமே இராது. ஒரு நாள் இருட்டுகிற நேரம் வரவில்லை. கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டான் போல என்று இவர் சமைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். பிள்ளை குளக்கட்டு வளைவில் விழுந்து கிடந்திருக்கிறது. வீட்டில் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். "கிட்டத்தான் கெடந்தான் சம்மந்தி. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. வண்டி வந்ததும் தெரியல, நின்னதும் தெரியல" என்றார். அழாமல்தான் சொன்னார். கையில் ஒரு கௌபிக் கோதை வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணீர் நல்லாயிருக்கிறது என்று சொன்னேன். ஒரு மனுசன் சொல்லக்கூடிய மிக மோசமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் எழும்பிச் சுளகை வைத்தார். வண்டியை எடுத்துச் சந்திவரை போய்த் திரும்பி வாருங்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. போனேன். சந்தியில் திருப்பினேன், வரும்போது குளக்கட்டில் மாடுகள் குறுக்கே போனதால் கொஞ்சம் நின்றேன், பிறகு இறக்கத்தால் மெல்ல வந்தேன். அவர் வீட்டுக்குப் பின்னால், வீதி தெரியாத இடத்தில், கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

"சந்தியில திருப்பினது கேட்டுச்சு" என்றார். "கட்டுல நின்னீங்க. எதுக்கு?"

"மாடு வந்தது."

"நின்னதும் கேட்டுச்சு. எடுத்ததும் கேட்டுச்சு." வண்டியடிக்கு வந்தார். "புள்ள வாரப்ப இப்படித்தான் கேக்குமா?"

ஓம் என்றேன். மழைக்குள்ளும் கேட்குமா என்றார். இது மழைக்கு அடங்குகிற சத்தம் இல்லை என்றேன். "அப்ப புள்ள எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்குச் சொன்னது போல இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "வரட்டும். ஆனா எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம்னு எனக்குச் சொல்லித் தந்துட்டுப் போங்க" என்றார்.

மகள், அந்த முற்றத்தில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கையோடு கொண்டுபோயிருந்த பெற்றோல் குழாயை அவர் காதில் வைத்து, மற்ற முனையை நான் என்ஜினில் வைத்துக் காட்டினேன். ஒரு தையல் மெசின் மாதிரி ஒரே சீராக டிக் டிக் என்றால் டெப்பெட். அவசரமில்லை, ஆனால் பார்க்க வேண்டும். விட்டுப் பிடிக்கும்போது கிலுகிலுத்தால் செயின். காலையில் குளிரில் தட்டிச் சூடானதும் மறைந்தால் சைலன்சர் பூட்டுகிற இடத்தில் காற்றுப் போகிறது. ஏற்றத்தில், பாரத்தில், உரலில் உலக்கை போடுவது போல அடித்தால் உடனே நிறுத்த வேண்டும். கடைசியில், இரண்டு அடித்து யோசிக்கிறதே, அது நோயில்லை, பிறவிக்குணம் என்றேன். அவர் குழாயை எடுத்துவிட்டு, "எங்க வீட்டு வாத்தியாரும் அப்படித்தான், யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுவான்" என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான். நான் பல வருசத்தில் கற்றதை அவர் அந்த ஒரு பகலில் பிடித்துக்கொண்டார். என்னைப் போல ஒரு முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு அவர் கேட்கவில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்து உனக்கு நான் சொன்னது, வண்டி சரிவந்துவிட்டது, மாமிக்கும் சம்மதம் என்பது மட்டும்தான். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய், நானும் பெரிய கெட்டிக்காரன் போல நின்றேன். மிச்சத்தைக் கலியாண வீட்டில் சொல்ல மனம் வரவில்லை. பந்தல் போடுகிற நேரத்தில் சாவுக்கதை எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகு சொல்வோம் என்று தள்ளித் தள்ளி, இப்போது நீ வேவு என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அவர் மருமகளை வேவு பார்க்கக் காது கொடுக்கவில்லை. கிணற்றடியிலோ குசினியிலோ நின்றபடி, சந்தியில் திருப்பிவிட்டாள், கடையடியில் நிற்கிறாள், குளக்கட்டில் ஏறிவிட்டாள் என்று உன்னை ஒவ்வோர் இடமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். நீ அந்த இறக்கத்தில், அந்த வளைவில், என்ஜினை நிறுத்துகிறாய். பிறகு வளவுக்குள் வந்து இறங்குவதற்கு எவ்வளவு நேரம் போகும், ஒரு நிமிசமா? அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், எப்படி நிற்கிறார் என்று உனக்குத் தெரியாது. நீ சத்தம் வராமல் உருண்டு வருகிறாய், அவர் எதையும் கேட்காமல் நிற்கிறார்.

வவுனியாவுக்குப் போவதென்றால் போங்கள். அவரிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் தாங்குவார். கேள்வி கேட்பது உனக்குக் கரைச்சலாக இருந்தால் அதையும் சொல்லு. கடையில் நின்றதற்கெல்லாம் காரணம் சொல்ல நீ கடமைப்பட்டவள் இல்லை. அவர் கொஞ்சம் கூடக் கேட்கிறார் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும், சந்தியில் இருந்து முற்றம் வரைக்கும் அந்த வண்டி சத்தத்தோடு வரட்டும். வந்ததும் உடனே நிறுத்தாதே. முற்றத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, இன்றைக்குச் சத்தம் எப்படி மாமி என்று கேள். அவர் கிட்ட வந்து, தலையைச் சரித்துக் கேட்பார். நல்லாயிருக்கு என்று அவர் வாயால் சொன்ன பிறகு சாவியைத் திருப்பு.

அன்புடன்,
அப்பா